ஆக்வர்ட் என்றால் என்ன

3 செப்டம்பர் 1962, திங்கள்

புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போனது.

ஆபீசில் உத்தரவு: ஊர் இந்தியாவோடு சேர்ந்தாயிற்று, கடித வரைவு எல்லாம் இனி இங்கிலீஷில். இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சில் எழுதிய கை. பக்கத்து மேஜை சவரிக்குக் கவலையில்லை, கடலூரில் இங்கிலீஷ் படித்தவன்.

மதியம் கோப்போடு போனேன். ஆபீசர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மதராஸ்காரர், முப்பது வயதுகூட இராது. உள்ளே சவரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவர் விஷயம்தான் ரொம்ப ஆக்வர்ட்." என்னைப் பார்த்ததும் இருவரும் கப்சிப்.

4, செவ்வாய்

சோப்பு, விளக்குத் திரி, வீட்டுக்காரி லூர்துவின் செருப்பு தைக்க.

வாசகசாலையில் இங்கிலீஷ்-பிரெஞ்சு அகராதி பார்த்தேன். ஆக்வர்ட்: கோஷ், மாலத்ருவா. அதாவது கைக்கு வேலை வராதவன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் காதைத் திருகிச் சொன்ன சொல். போன வாரம் பழக்கத்துக்கு எழுதிய என் இங்கிலீஷ் வரைவில் பிழை. அதைப் பார்த்தவன் சவரி மட்டும்.

6, வியாழன்

சவரி: "முசே, அந்த வரைவ ஒருவாட்டி நான் பாத்துக் குடுக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். பிழைகளை எண்ணிக்கொண்டு போகவா?

லூர்து: "ஒத்தாசைக்குக் கேட்டிருப்பாரு."

இவளுக்கு எல்லாரும் நல்லவர்கள். மேஜை இழுப்பறையைப் பூட்ட ஆரம்பித்தேன்.

10, திங்கள்

செய்துவிட்டேன்.

பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு யார் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஆபீசர் பேச்சுவாக்கில் கேட்டார்; அவர்களுக்கு மேல் கிரேடு கிடையாதாம். "சவரின்னு பேச்சு" என்றேன். அப்படி ஒரு பேச்சு என் காதில் விழவே இல்லை. ஆனால் அவன் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நம்புவார்கள். பெயரைக் குறித்துக்கொண்டார்.

ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

12, புதன்

மேல் கிரேடுப் பட்டியலில் சவரி பெயர் இல்லை. பட்டியலை மறுபடி முதலிலிருந்து படித்தான்.

பிறகு ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார். உங்களுக்கு எங்கப்பா வயசு. உங்க இங்கிலீஷை நான் திருத்தறது ஆக்வர்டா இருக்கு. என்ன செய்யறதுன்னு சவரியைக் கேட்டேன். நானே பாத்துக்கறேன், அவர் மனசு நோகக் கூடாதுன்னார். இப்ப அவரும் பிரான்ஸ் பக்கம் போறார் போல. அதான் நேரா சொல்லிடறேன்."

"ஆக்வர்டுன்னா என்ன சார்?"

யோசித்தார். "சங்கடம். கூச்சம்னும் சொல்லலாம். எனக்குத்தான் சார் அது. உங்களுக்கில்ல."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சரி சார்" என்று வெளியே வந்தேன்.

13, வியாழன்

மழை. தூக்கம் இல்லை. லூர்துவிடம் சொன்னேன். காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கே ஆபீசரிடம் போனேன். சவரியைப் பற்றிச் சொன்னது பொய் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஆறு வரி இங்கிலீஷ், முக்கால் மணி நேரம். சிவப்புப் பென்சிலை அவர் தொடவில்லை. மேலிடத்துக்கு அனுப்புகிறாராம். பெயர் திரும்பச் சேருமா, தெரியாது என்றார். என்னை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

சவரி வந்ததும் குடையை மடக்கிவிட்டுக் கேட்டான்: "முசே, என்னப் பத்தி யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு தெரியுமா?"

"நான்தான்."

குடையை மூலையில் சாய்த்து வைத்தான். பிறகு மெதுவாக:

"எங்க வீட்டுக்காரிக்கு இது தெரிய வேணாம், முசே. லூர்தக்கா மேல அவ உசுரா இருக்கா."