பாதிக் கடல்வரை ஒரு கோடு

என் வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் சுகம், பூனையைச் சேர்த்தால் நான்கு. உன் சுகத்தை நீ எழுதுவதற்கு முன்பே உன் கையெழுத்து சொல்லிவிட்டது, மனசு நன்றாக இருந்தால்தான் உன் வரிகள் மேலே ஏறிக்கொண்டே போகும். காலில் வந்த புண் ஆறியதா என்பதை மட்டும் நைசாக விட்டுவிட்டாய். ஈரச் சாக்ஸோடு நடக்காதே, ஊருக்குச் சாலை போடப் போனவள் நொண்டிக்கொண்டு வந்தால் நன்றாகவா இருக்கும். உன் தம்பி கார் ஓட்டப் பழகுகிறான், இதுவரை பின்பக்கமாக மட்டும் நன்றாகப் போகிறது. குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது, அப்பா நாளைக்குச் சரிசெய்கிறாராம், அவருடைய நாளை எப்போது வரும் என்று உனக்குத் தெரியும்.

ஆண்டு விழாவுக்கு இந்தத் தடவையாவது அப்பா வந்தாரா என்று கேட்டிருந்தாய், அதைச் சொல்லத்தான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். விழாவுக்காக மெஸ் ஹால் சுவரில் பிரிகேடின் வரலாற்றை வரைந்து தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கடைப் பலகையும் லாரி நம்பரும் எழுதுகிறவளுக்கு ஒரு சுவர் நிறைய உலகம் கிடைத்தது என்றால் பார்த்துக்கொள். இத்தனை வருஷம் இந்த முகாம் வாசலில் குடியிருந்தும் பாதி விஷயம் எனக்குத் தெரியாது. ரயில் பாலங்களுக்குக் காவல் நிற்கச் சேர்த்த ஆட்கள்தான் பின்னால் பிரிகேட் ஆனார்களாம். முதல் வெளிநாட்டுப் பயணம் கோவேறு கழுதைகளோடு ஒரே கப்பலில், எதிரி சுட்டுப் படுத்தவர்களைவிடக் கழுதை உதைத்துப் படுத்தவர்கள் அதிகம் என்று வரலாற்று ஆபீசர் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். அடுத்து பூகம்பம் வந்த தீவில் கிணறு தோண்டியது, அதற்கடுத்து சண்டைபோட்ட இரண்டு நாடுகளுக்கு நடுவில் போய் அமைதிப் படையாக நின்றது, கடைசியாக நீங்கள். துறைமுகத்திலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோடு, ஒவ்வொன்றும் ஒரு நிறம். நீ விமானத்தில் போனவள்தான், ஆனாலும் எல்லாக் கோடும் துறைமுகத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஆபீசர் சொல்லிவிட்டார். உனக்கு மஞ்சளை ஒதுக்கி வைத்தேன், யாரையும் கேட்கவில்லை.

அப்பா போன பயணத்துக்குக் கோடு இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது, கப்பல் பாதிக் கடலில் இருக்கும்போதே அங்கே சண்டை நின்றுபோய், உத்தரவு வந்து, அப்படியே திரும்பிவிட்டார்கள். கரையில் கால் வைத்தால்தான் கணக்கு. யூ-டர்ன் கம்பெனி என்று ஊர் வைத்த பெயரைச் சொல்லி அப்பாவும் சேர்ந்து சிரிப்பார், இப்போது அவர் டீ போடுகிற முகாம் கேன்டீனில் "மாஸ்டர், டீ பாதி வழியில திரும்பிடாதே?" என்று கேட்டால் "குடிக்கிற ஆளைப் பொறுத்தது" என்பார். ஆனால் விழா அணிவகுப்பில் ஒவ்வொரு கூட்டமும் தான் போன நாட்டின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் நடந்து போகும்போது, இவர்கள் மட்டும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் எங்களோடு நின்று கைதட்ட வேண்டும். அதனால்தான் வருஷா வருஷம் அன்றைக்கென்று அவருக்கு முதுகுவலி வரும்.

இப்போது கேள். உன் மஞ்சள் கோட்டைப் பாதிக் கடல்வரை இழுத்திருந்தேன், ஃபேன் மாட்ட வேண்டும் என்று மின்சாரக்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், நானும் பிரஷ்ஷைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் சுவருக்கு முன்னால் ஒரே கூட்டம். நாற்காலி இறக்க வந்த லாரிக்காரர், ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடுவார்களே அப்பாவின் பழைய கூட்டாளி, அவர்தான் கடல் நடுவில் நிற்கும் கோட்டைப் பார்த்து யூ-டர்ன் கம்பெனி முழுவதற்கும் போன் போட்டிருக்கிறார். முகாம் முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். "நம்ம கோடுய்யா, கடைசியில போட்டுட்டாங்கய்யா" என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, சுவரைத் தொடாமல் தடவிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். உன் கோட்டை முடித்தால் அவர்கள் கோடு போய்விடும், முடிக்காவிட்டால் நீ நடுக்கடலில் நிற்பாய்.

அப்பா ஏப்ரனோடு வந்தார். கோட்டின் நுனியைப் பார்த்தார், என் கையிலிருந்த மஞ்சள் டப்பாவைப் பார்த்தார். முடித்த கோட்டின் நுனியை நான் சதுரமாக வெட்டி விடுவேன், விட்டுப் போன கோடு பிசிறாக நிற்கும், அது அவருக்குத் தெரியாதா. எல்லோருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். டீயோடு சேர்ந்து பிரிகேடியர் அம்மாவும் உள்ளே வந்துவிட்டார், இது யாருடைய கோடு என்று கேட்டார். "எங்களுது மேடம்" என்று ஒட்டகம் நெஞ்சை நிமிர்த்தினார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல மேடம், இது என் பொண்ணு போயிருக்கிற வழி. ஏணி போயிடுச்சு, அதான் பாதியில நிக்குது" என்றார். பிறகு ஒட்டகம்தான், "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதாய்யா, இந்த டீ முடியுற வரைக்குமாவது நம்மளுதா இருந்திருக்கும்" என்றார், அழுகையா சிரிப்பா தெரியாத குரலில்.

பிரிகேடியர் சிரித்துவிட்டார். பிறகு அப்பாவிடம், யார் சொல்லித் திரும்பினீங்க என்று கேட்டார். உத்தரவு மேடம் என்றார் அப்பா. போனது? அதுவும் உத்தரவுதான் மேடம். "அப்ப ரெண்டு உத்தரவையும் சரியா செஞ்சிருக்கீங்க, கோடு போடறதுல என்ன கஷ்டம்?" என்று வரலாற்று ஆபீசர் பக்கம் திரும்பினார். அவர் பாவம், "பலகையில நாட்டுப் பேர் எழுதணுமே மேடம், இவங்க எந்த நாட்டுக்கும் போகலையே" என்று இழுத்தார். ஆளாளுக்கு யோசித்தார்கள். அப்பா டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "கடல்னு எழுது" என்றார். பிரிகேடியர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

அன்றைக்கே உன் கோட்டைக் கரை சேர்த்தேன். அதன் பக்கத்திலேயே, அதே மஞ்சளில், பாதிவரை இன்னொரு கோடு, நுனியைச் சதுரமாக வெட்டி விட்டேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார், நடுவில் நடுவில் கொஞ்சம் கோணல் என்று குறை வேறு. விழாவன்று முதுகுவலி வரவில்லை. ஷூவைத் தேய்த்த தேய்ப்பில் பூனை தன் முகத்தையே அதில் பார்த்தது. நாடுகளின் பெயர்களெல்லாம் போய் முடிந்த பிறகு கடைசியில் கடல் வந்தது, ஒட்டகம் பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால், அப்பா இரண்டாவது வரிசையில், கால் ஒன்றுகூட மற்றவர்களோடு சேரவில்லை. "பாதியில திரும்பிடாதீங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் இடப்பக்கம் திரும்பி வெளியே போகிற மூலை வந்ததும் இவர்கள் ஒரு நொடி நின்று, சொல்லிவைத்த மாதிரி அப்படியே யூ-டர்ன் அடித்து, வந்த வழியே மறுபடியும் நடந்து வந்தார்கள். மைதானமே எழுந்துவிட்டது. பிரிகேடியர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் சல்யூட் வைத்தார். உன் தம்பி விசிலடித்தான், நான் அதட்டவில்லை, எனக்கு விசிலடிக்கத் தெரியாது, அதுதான் வருத்தம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, உன்கூட இருக்கிற பிள்ளைகளிடம் எரிந்து விழாதே. போன கைகால் குறையாமல் நீங்கள் எல்லோரும் வீடு வந்து சேர வேண்டும், எந்நேரமும் அதுதான் எங்கள் நினைப்பு. ஒன்றை மறந்துவிடாதே, திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் இடம் கேட்டு வாங்கு. பாதி வழியில் கீழே பார். ஒன்றும் தெரியாது, வெறும் தண்ணீர்தான் இருக்கும். உன் அப்பா போய் வந்த இடம் அது.

உன் வரவைப் பார்த்துக்கொண்டு,
ஏணி மேலிருந்து,
அம்மா

(குழாய் இன்னும் சொட்டுகிறது.)