பாலத்தடியில் நின்ற ஓட்டம்

அன்புள்ள உம்மாவுக்கு,

உங்கள் மகன் பக்ரியின் சலாம். இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தைலம் மிச்சமிருக்கிறதா?

வெள்ளிக்கிழமை இங்கே துமியாத்தில் எங்கள் க்ளப் அரை மாரத்தான் ஓடியது. பயப்படாதீர்கள், எனக்கு ஒரு கொப்புளம்தான். பயிற்சியாளர் கேப்டன் ஷவ்கி சைக்கிளில் கூடவே வந்து, "ஏய் தெற்கத்திக்காரா! கல்யாண ஊர்வலமா போற? நின்னே, க்ளப் பனியனை உருவிடுவேன்!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

பாலத்தடியில், இறந்தவரைச் சந்தூக்கில் சுமந்தபடி எதிரே ஒரு ஜனாஸா வந்தது. முன்னால் ஓடியவனே நின்றுவிட்டான். சைக்கிளைப் போட்டுவிட்டு முதலில் தோள் கொடுத்தது கேப்டன்தான். அப்புறம் அரைக்கால் சட்டையும் மார்பில் எண்ணுமாக, வியர்வை சொட்டச் சொட்ட, எல்லோரும் மாறி மாறிச் சந்தூக்கைச் சுமந்து மையவாடியில் குழி வரை போனோம். அத்தனை பேர் மூச்சிரைக்கும் சத்தம் மட்டுமே கேட்டது.

"யாருங்க இறந்தது?" என்று பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஒரு தச்சரு, தம்பி. புள்ள குவைத்துல, வர முடியல. ஏழெட்டுப் பேருதான் கிளம்புனோம். இப்பப் பாரு, ஊரே வருது!"

திரும்பி வந்து மீதியை ஓடினோம். யார் ஜெயித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நம்மூர் பஸ்யூனி ரயிலில் வரும்போது, நீங்கள் மாவை வெயிலில் பொங்கவைத்துச் சுடும் வெயில் ரொட்டி கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைப்பதில்லை. பட்டறைக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

இன்னொன்று. நான் வந்து சேர்வதற்குள் வாப்பாவை அடக்கம் செய்துவிட்டீர்களே, அன்று யார் யார் தோள் கொடுத்தார்கள்? ஒருவரையும் விடாமல் எழுதுங்கள்.

பக்ரி