மூன்றாவது தட்டு

அன்புள்ள உங்களுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் வகுப்பில் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. ண எழுதும்போது சுழி எத்தனை என்று இன்னும் விரலை மடக்கிப் பார்க்கிறேன். எனக்குப் படிக்க வந்துவிட்டது என்பதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போன ஞாயிறு உங்கள் மகள் கிராமபோனையும் இசைத்தட்டுப் பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தாள். "அப்பா உங்களுக்குன்னுதானுங்க சொல்லிப்போட்டுப் போனாரு" என்றாள். மூடியைத் திறந்ததும் அரக்கும் பாச்சை உருண்டையும் கலந்த அதே வாசனை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மில்லின் வெள்ளைக்கார மேனேஜர் கப்பலேறியபோது, அவர் பங்களாவில் கரண்டு வேலை பார்த்த உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. உள்ளே இரண்டு கட்டு, கட்டுக்கு ஐந்து தட்டு. இரண்டிலும் ஒரே சிம்பொனி, அவர்கள் நாட்டுக்காரர் ஒருவர் எழுதியது. வாசிக்கும் கூட்டம் வேறு, நடத்துகிறவர் வேறு என்று லேபிளைப் படித்துச் சொன்னீர்கள். நடத்துகிறவர் என்ன வாசிப்பார் என்று கேட்டேன். ஒன்றும் வாசிக்கமாட்டார், குச்சியோடு நிற்பார் என்றீர்கள். அப்படியானால் நம் மேஸ்திரி மாதிரி என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் ஊசி டப்பா கொட்டிவிட்டது.

ஒரே பாட்டை இரண்டு தடவை எதற்குக் கேட்க வேண்டும் என்றும் கேலி செய்தேன். சிநேகத்தில் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவீர்கள். "ஏனுங்க மாப்ள, கம்பஞ்சோறு ரெண்டு ஊட்டுல ஒரே மாதிரியாங்க இருக்குது?" என்றீர்கள்.

லேபிள் படிக்கத் தெரியாத எனக்காக ஒரு கட்டின் லேபிள்களில் குங்குமப் பொட்டு வைத்தீர்கள், மற்றதில் மஞ்சள் பொட்டு. மூன்றாவது தட்டென்றால் மூன்று பொட்டு. சிவப்புக்காரர் விரைவு, மஞ்சள்காரர் நிதானம். மூன்றாவது தட்டில் நாதசுரத்துக்குத் தம்பி போன்ற ஒரு குழல் தனியாக எழும். சிவப்பில் அது வழியோடு பாடிக்கொண்டு போகும். மஞ்சளில் அதே சுரங்கள், ஆனால் நின்று திரும்பிப் பார்க்கும். அத்தனை பேர் மூச்சை அடக்கி அந்த ஒற்றைக் குழலுக்கு வழிவிடுவது எனக்குக் கேட்டது. மில்லில் நூற்கும் பிரிவின் இரைச்சலில், நூலைச் சுற்றும் ஒரு கதிர் பிசகினாலும் கண்டுபிடிக்கிற காது என்னுடையது. அந்தக் காதுக்கு இப்படி ஒன்றும் கிடைக்கும் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை.

நீங்கள் குடும்பத்தோடு பவானிக்குப் போயிருந்த வாரம் பெட்டி என் வீட்டில் இருந்தது. எண்ணெய்க் கையோடு சிவப்பின் மூன்றாவதை எடுத்தேன். வழுக்கி விழுந்து உடைந்தது. என்ன செய்தேன் தெரியுமா? மஞ்சளின் மூன்றாவதை எடுத்து, பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, மேலே குங்குமம் வைத்துச் சிவப்புக் கட்டுக்குள் செருகிவிட்டேன். பொட்டு மாறினால் தட்டு மாறிவிடும் என்று நம்பினேன். லேபிளில் அச்சடித்த பெயர் இருக்கிறது, அதை நீங்கள் படிப்பீர்கள் என்பது அந்தப் பதற்றத்தில் புத்தியில் ஏறவே இல்லை. எனக்கு அது வெறும் பூவேலை.

நீங்கள் திரும்பி வந்த ஞாயிறு சிவப்பைப் போட்டீர்கள். இரண்டாவது தட்டு முடிந்து மூன்றாவது தொடங்கியதும், கேட்டு முடித்த நாலு சுரம் மறுபடியும் வந்தது. மஞ்சள்காரர் நிதானமானவர் அல்லவா, ஒரு தட்டில் அவருக்குப் பாட்டு குறைவாகத்தான் அடங்கும், அதனால் அவருடைய மூன்றாவது தட்டு பாட்டில் கொஞ்சம் முன்னாலேயே தொடங்குகிறது. நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னொருக்கா வைங்க மாப்ள" என்றீர்கள். பிறகு, "இனிச் செவப்பே போதுமுங்க. மஞ்சளு கெடக்கட்டும்."

அதன்பின் ஏழு வருடம் மஞ்சளை நீங்கள் தொடவில்லை. ஒப்பிட்டுக் கேட்கும் ஆசை உங்களுக்கு விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஞாயிறுதோறும் வருவேன், சொல்லாமல் திரும்புவேன். தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். சொல்லாதது என்னிடமே நின்றுவிட்டது.

போன ஞாயிறு அந்தத் தட்டை உறையிலிருந்து எடுத்தேன். லேபிளில் குங்குமத்துக்கு அடியில் மஞ்சள் கறை அப்படியே தெரிகிறது. உறையின் மூலையில் பென்சிலால் உங்கள் எழுத்து. கூட்டிப் படித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. "மாப்பிள்ளை மாற்றி வைத்த தட்டு. இப்படியே இருக்கட்டும்."

மஞ்சளை எடுத்தால் மூன்றாவது இல்லாதது தெரிந்துபோகும், நான் தலைகுனிய வேண்டிவரும். அதைத் தவிர்க்கவா, இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கும் ஆசையையே ஏழு வருடம் விட்டுவைத்தீர்கள்? நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. எனக்கென்று ஒருவர் எழுதி நானே படித்த முதல் வரி இதுதான்.

இப்போதும் அந்தச் சிம்பொனி மனதில் ஓடும்போது நாலு சுரம் இரண்டு தடவைதான் வருகிறது. எழுதியவர் அப்படி எழுதவில்லை என்று தெரியும். எனக்கு அதுதான் சரியான பாட்டு.

வரும் ஞாயிறு மஞ்சளைப் போடப்போகிறேன். நீங்கள் எழுதியபடியே, சிவப்பில் மாற்றி வைத்ததை எடுக்கமாட்டேன். மூன்றாவதன் முறை வரும்போது ஊசியைத் தூக்கிவிட்டு அவ்வளவு நேரமும் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்போது என்ன கேட்டது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை