பேய் உடுப்புக்கு எதற்கு இடுப்பளவு

இராஜபாளையம்
புரட்டாசி 8, புதன்கிழமை

அன்புள்ள மகள் சத்யப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டாள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை சிவபாண்டியும் சுகம்தானா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகமுடியாமல் பேனாவை மூடி வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், என் வாட்ஸ்அப்பை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள், இது அவளுக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் எழுதவேண்டியது. உன்னோடு கிருஷ்ணன்கோவிலில் படித்த செல்வலட்சுமி, தன் அக்கா கல்யாணத்துக்கு வந்திருந்தாள் அல்லவா, அவள் ஞாயிற்றுக்கிழமை டொரொண்டோவுக்குத் திரும்புகிறாள். நீ கேட்ட துணியெல்லாம் அவளிடம் கொடுத்துவிடுகிறேன், அதன் மடிப்புக்குள் இந்தக் கடிதம் இருக்கும். ஊரில் மழை இன்னும் பிடிக்கவில்லை, மலைப்பக்கம் கருக்கிறது, இந்தப் பக்கம் வெயில்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்குப் பிரஷர் மாத்திரையை அரையாகக் குறைத்தார்கள், நீ இந்தத் துணி வேலையைக் கொடுத்த பிறகு முழுசாகப் போடலாமா என்று நானே யோசிக்கிறேன்.

நீ அன்றைக்குப் போனில் சொன்னது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அக்டோபர் கடைசியில் உங்கள் அடுக்குமாடியில் பெரியவர்கள் எல்லாம் பேய் வேஷம் போட்டுக்கொண்டு கதவைத் திறப்பீர்களாம், பிள்ளைகள் வீடு வீடாக வந்து மிட்டாய் வாங்கிப் போகுமாம், கடையில் பேய் உடுப்பு கொள்ளை விலையாம், ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைக்கவா என்று ஆளாளுக்கு வீட்டிலேயே செய்கிறார்களாம், குறைந்த செலவில் அதிகம் பயமுறுத்துகிறவருக்குப் பரிசாம். மாப்பிள்ளைக்குச் செத்துப்போன எகிப்து ராஜா வேஷம், உடம்பு முழுக்கச் சுற்றப் பேண்டேஜ் துணி வேண்டும் என்றாய். உனக்கு வெள்ளைக் கவுன், மோகினி மாதிரி என்றாய். மோகினி என்றால் சேலையல்லவா கட்டும்? கவுன் போட்ட மோகினியை இந்த அறுபத்திரண்டு வயதில் நான் கேள்விப்பட்டதில்லை. சரி, அந்த ஊர்ப் பேய் அந்த ஊர் உடுப்பைத்தான் போடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் முப்பது வயதை எட்டப்போகிற இரண்டு பேர், ஆளுக்கொரு நல்ல வேலையில் இருப்பவர்கள், வேலை விட்டு வந்து தூங்காமல் எதற்கு இந்தப் பாட்டைப் படுகிறீர்கள் என்பதற்கு மட்டும் சமாதானம் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு என் சமாதானமும் கிடையாது. வேஷம் என்றால் அவளுக்கு நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டுகிற குலசை தசரா ஒன்றுதான் தெரியும். வளர்ந்த ஆள் ஒருவர் முகத்தில் கரியைப் பூசுகிறார் என்றால் வீட்டில் யாருக்கோ நோய், இல்லையென்றால் கோர்ட்டு வழக்கு, இல்லையென்றால் பிள்ளை வரம், சும்மா யாரும் பூசமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. போனை வைத்த உடனே, ஏங்க, அவ என்னமோ நேர்ந்திருக்கா, நம்மகிட்ட மறைக்கா, என்ன ஏதுன்னு கேளுங்க என்று பிடித்துக்கொண்டாள். நேர்த்தியெல்லாம் இல்லையாம், விளையாட்டாம் என்றேன். வெளையாட்டுக்கு எவளாவது பேயா நிப்பாளா, வீடு வீடா வந்து வாங்குதாங்கன்னு அவளே சொல்லுதால்லா, அது காணிக்கை பிரிக்கிறதுதான என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிப் போய், உன் வேண்டுதல் என்னவோ அது பலித்தால் பங்குனியில் தானும் பூக்குழி இறங்குவதாகப் பெரிய மாரியம்மனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். படியேறவே சுவரைப் பிடிக்கிறவள் எப்படி இறங்கப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் என்னைத்தான் திட்டுவாள்.

நியாயம் கேட்கலாம் என்று எதிர்வீட்டு மொக்கைச்சாமியிடம் போனேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறாரே, வருஷா வருஷம் குலசைக்குக் காளி வேஷம் போடுவாரே, அவர்தான். மாலை போட்டு விரதத்தில் இருக்கிறார், வாசலில் உட்கார்ந்து காளிக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாக் கையும் பிஸ்கட் பெட்டி அட்டை, நாக்கு பழைய சைக்கிள் சீட்டின் ரெக்ஸின், பல் பினாயில் டப்பாவில் நறுக்கியது, கிரீடம் தெர்மாகோல். உங்கள் ஊர்ப் பரிசை இவருக்கே கொடுத்துவிடலாம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அண்ணாச்சி, அவிய ஊர்ல இது எந்தச் சாமிக்கு என்றார். சாமி கிடையாது என்றேன். சாமி இல்லாம வேஷம் போட்டா பொறவு எறக்கி வைக்கது யாரு என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அந்தக் கேள்வி இரண்டு நாளாக என் மண்டைக்குள் சுற்றியது. ஆனாலும் தங்கமான மனுஷன், தறியில் ஒதுக்கிப்போட்ட பேண்டேஜ் துணி இரண்டு கட்டு அவர்தான் கேட்டு வாங்கி வந்து கொடுத்தார். கண்ணுக்கடியில் கருப்புப் பூச விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் போதும், சாயம் வாங்கிப் பூசினால் தோல் உரிந்துவிடும் என்று உனக்குச் சொல்லச் சொன்னார்.

கவுன் தைத்த கதையையும் கேள். நாற்பது வருஷம் தளவாய்புரத்தில் நைட்டி வெட்டியவன் நான். ஒரு பிசிறு தெரிந்தாலும் பீஸைத் திருப்பி வீசிய கட்டிங் மாஸ்டரிடம் வந்து, கீழே மடித்துத் தைக்காதீர்கள், கிழித்துத் தொங்கவிடுங்கள், ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருக்கட்டும் என்கிறாய். மூன்று தடவை கத்தரியை வைத்தேன், மூன்று தடவையும் கை தன்னாலேயே நேராக வெட்டிவிட்டது. சரி கிழிப்போம் என்று கிழித்தால் பருத்தித் துணி நூல் பிடித்து நேராகவே கிழிகிறது. கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டுக் கிழிக்கச் சொன்னேன், உன் மேல் இருந்த கோபத்தில் பிரமாதமாகக் கிழித்துக் கொடுத்தாள். அழுக்கேறிய மாதிரி இருக்கவேண்டும் என்றாயே, அதற்காக டீத்தூள் போட்டு அண்டாவில் கொதிக்கவைத்துப் புதுக் கவுனையும் பேண்டேஜ் துணியையும் முக்கினேன். உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா, பொங்கலுக்கு வச்ச அண்டாவுல இதையா போடுவாக என்று அன்று சாயந்தரம் வரை வசவு. கொடியில் காய்ந்த பேண்டேஜ் துணியைப் பார்த்துவிட்டுப் பால்காரர், வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒன்றும் ஆகவில்லை என்றேன், என் குரலே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் நீ அனுப்பிய அளவுச் சீட்டைப் பார்த்தேன். நான் எழுத வந்தது இதைத்தான், இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துவிட்டேன். தோள் பதினாலு, மார்பு முப்பத்தாறு, கைச்சுற்று ஒன்பதரை, இடுப்பு முப்பத்தைந்து, உயரம் ஐம்பத்துநாலு. அம்மாவும் அதைப் பார்த்தாள், அவளுக்கு அது வெறும் எண். எனக்கு அப்படி இல்லை. போன வருஷம் சித்திரையில் நீ வந்திருந்தபோது உனக்குச் சுடிதார் தைத்த அளவு என் நோட்டில் இருக்கிறது, மார்பு முப்பத்துநாலு, கைச்சுற்று பத்து, இடுப்பு இருபத்தொன்பது. இடுப்பில் மட்டும் ஆறு இஞ்ச். குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போடுவாய் என்று முதலில் நினைத்தேன், அப்படியானால் தோளும் கையும் கூடியிருக்கவேண்டும், கூடவில்லை. உடம்பு போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன், அப்படியானால் கை பருத்திருக்கவேண்டும், கை அரை இஞ்ச் இளைத்திருக்கிறது. வயிற்றில் கட்டி கிட்டி ஏதாவது இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்து, அன்று மத்தியானம் சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு சீட்டை மறுபடி பார்த்தேன். தொளதொளவென்று கவுன் என்றால் அது தோளில் தொங்குகிற துணி, மார்பும் உயரமும் போதும், இடுப்பளவு எதற்கு? என் தையல் மிஷினுக்கு அடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் நீ, உனக்கு இது தெரியும். போதாததற்கு மார்புக்குக் கீழேயே சுருக்கு ஆரம்பிக்கட்டும், முன்பக்கம் துணி தாராளமாக விடுங்கள் என்று அடியில் எழுதியிருக்கிறாய். அந்த வெட்டை நான் எத்தனை ஆயிரம் பீஸ் வெட்டியிருப்பேன். மாசமாக இருக்கிற பெண்கள் போடுகிற நைட்டிக்குத்தான் அந்த வெட்டு.

இப்போது எனக்குள்ள குழப்பம் என்ன தெரியுமா, நீ இதைத் தெரியாமல் எழுதினாயா, இல்லை வாயால் சொல்லமுடியாமல் அப்பாவுக்குப் புரியட்டும் என்று அளவுச் சீட்டில் எழுதினாயா என்பதுதான். எப்படி யோசித்தாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சந்தோஷமாக இருக்கிறது, இருந்தால் பயமாக இருக்கிறது, பயந்தால் சந்தோஷத்துக்கே கண் பட்டுவிடுமோ என்று அதற்கும் பயம். போன தடவை நாற்பத்தைந்தாம் நாளிலேயே எங்களிடம் சொன்னாய். கொஞ்ச நாள் போகட்டுமே என்று அம்மா சொல்லத்தான் செய்தாள். நான்தான் கேட்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஐந்து கிலோ பால்கோவா வாங்கி, கம்பெனியில், தெருவில், மம்சாபுரத்துச் சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் கொடுத்து வந்தேன். மூன்றாம் மாதம் அது தங்கவில்லை என்றதும், பால்கோவா தின்ற அத்தனை வாயும் உனக்குப் போன் போட்டது, என்ன சாப்பிட்ட, எதத் தூக்குன, ஏன் வேலைக்குப் போன என்று. அன்றைக்கு நீ அழுதுகொண்டே, இனிமே எதையும் யார்ட்டயும் சொல்லமாட்டேம்ப்பா என்றாய். யாரிடமும் என்றதில் நானும் சேர்த்திதான் என்று எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று. என் வாய்தான் உன்னை அந்தப் பாடு படுத்தியது. இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன், அப்பாவை மன்னித்துவிடு தாயி.

அதனால் இந்தத் தடவை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அம்மாவிடம்கூட இல்லை. முப்பத்துமூன்று வருஷத்தில் அவளிடம் நான் மறைக்கிற முதல் விஷயம் இதுதான், இரண்டாவது என்றே வைத்துக்கொள். அவள் நேர்த்தி நேர்த்தி என்று புலம்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கிற மாதிரி நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. நீயாக எப்போது சொல்கிறாயோ அப்போது நானும் அவளோடு சேர்ந்து முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டுக்கொள்கிறேன், பால்கோவா நீ சொன்ன பிறகுதான். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டாம், போனிலும் இந்தப் பேச்சை எடுக்கவேண்டாம். என் கணக்கு தப்பென்றால் கிழவன் எதையோ உளறுகிறான் என்று கிழித்துப்போட்டுவிடு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.

தப்போ சரியோ, சில விஷயங்களை மட்டும் கேட்டுக்கொள். பேண்டேஜ் துணி தீயைக் கண்டால் பொசுக்கென்று பிடித்துவிடும், மெழுகுவர்த்தி பக்கம் மாப்பிள்ளையை நிற்கவிடாதே, மூக்கையும் வாயையும் சுற்றவேண்டாம் என்று சொல். சிலந்தி வலை கட்டுகிறேன், வௌவால் தொங்கவிடுகிறேன் என்று நீ ஸ்டூலில் ஏறாதே, அந்த வேலையெல்லாம் அவர் பார்க்கட்டும். வெளியே குளிரில் நிற்காதே. கதவுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே பயமுறுத்து, பேய் நின்றுகொண்டுதான் இருக்கவேண்டும் என்று எந்த ஊரிலும் சட்டம் கிடையாது. பசிக்கிற நேரத்துக்குச் சாப்பிடு, அந்தக் கை அளவு எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்கவேண்டும், நினைத்தது நினைத்தபடி நடக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் கும்பிடுகிறோம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல்.

ஒன்றை மறந்துவிடாதே. கவுனில் இரண்டு பக்கத் தையலுக்கு உள்ளேயும் துணி கூடுதலாக விட்டிருக்கிறேன், மொத்தமாக நாலு இஞ்ச் வரும். அந்தத் தையலை மட்டும் மிஷினில் ஓட்டாமல் கையால் எட்ட எட்டப் போட்டிருக்கிறேன், நூல் முனையைப் பிடித்து இழுத்தால் முழுசும் வந்துவிடும். நீ போடப்போகிற நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இடுப்பில் பிடித்தால் பிரித்துக்கொள். பிடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தைத்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சங்கரலிங்கம்