எழுதி அனுப்பச் சொன்னேன்

வண்டியூர், மதுரை
செப்டம்பர் 20

ஆசை மகள் ஜெனிக்கு அம்மாவின் முத்தங்கள். மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். போனில் தட்டலாம்தான், நாலு வரிக்கு மேல் எனக்கு விரல் ஓடுவதில்லை. வீடியோவில் பேசலாமென்றால் உன் முகம் நின்று நின்று வருகிறது. மூளைக்காய்ச்சலில் காது போன நாளிலிருந்து உதட்டைப் பார்த்துத்தானே எனக்கு எல்லாப் பேச்சும், பாதியில் உறைந்து நிற்கிற உதட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. அதனால் தாளில் எழுதி அப்பாவிடம் கொடுக்கிறேன், அவர் போட்டோ எடுத்து அனுப்புவார், டூட்டி இல்லாத நாளில் சாவகாசமாகப் படி.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. டாக்டர் நடக்கச் சொன்னதால் பள்ளிக்கூட ஆபீஸ் விட்டு வந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றக் கிளம்பிவிடுகிறார். இந்த வருஷம் குளம் நிறையத் தண்ணீர், அதனால் கூட்டமும் வண்டிக்கடைகளும் சொல்லி முடியாது. நடப்பதைவிட நின்று பஜ்ஜி தின்கிற நேரம்தான் அதிகம் என்று அவர் சட்டையில் இருக்கிற எண்ணெய்க் கறை எனக்குச் சொல்லிவிடுகிறது. நீ ஒரு வார்த்தை கண்டித்து எழுது, நான் சொன்னால் கேட்பதில்லை.

இனி மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ எழுதியிருந்தாய், "அந்த எம்பிராய்டரி மெஷினத் திருப்பிக் குடுத்துரும்மா, அதோட மல்லுக்கட்டி உடம்பக் கெடுத்துக்காத" என்று. உன் அக்கறை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காது போன பிறகு நம் தையல் கடையில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டால் அவர்களுக்கு அலுப்பு வந்துவிடுகிறது, அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி என்றால் டிசைனை வாட்ஸப்பில் அனுப்புவார்கள், வாய்ப் பேச்சே வேண்டாம், நம் கையில் தொழில் நிற்கும் என்றுதான் அதை வாங்கச் சொன்னேன். பேச்சில்லாத வேலை என்று நினைத்து வாங்கினேன், அதைக் கற்றுக்கொள்வது முழுக்கப் பேச்சாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

மெஷினை ஓட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. நாம் வரைந்த படத்தைத் தையலாக மாற்றுகிற சாஃப்ட்வேர் ஒன்று லேப்டாப்பில் இருக்கிறது பார், அதுதான் என்னை அழ வைத்தது. பெட்டிக்குள் புத்தகம் இருக்கும் என்று தெர்மாகோலையெல்லாம் உதறிப் பார்த்தேன். ஒரே ஒரு மடிப்புத் தாள், அதில் ஈரக் கையால் ப்ளக்கைத் தொடாதே என்று படம், அவ்வளவுதான். மாட்டிவிட்டுப் போன ஆள் வீடியோ பார்த்தால் எல்லாம் வந்துவிடும் என்று சொன்னார். பார்த்தேன். பூனைக்குப் பயந்த எலி மாதிரி ஓர் அம்பு திரையில் இங்கும் அங்கும் ஓடுகிறது, எதைத் தொட்டது, ஏன் தொட்டது என்று தெரிவதற்குள் பூ தயாராகிவிடுகிறது. பேசுவதைக் கீழே எழுத்தாக வரவைக்கிற பொத்தானை அழுத்தினால் "இசை" என்று ஒரு வார்த்தை வந்து நிற்கிறது. அந்த இசையை நான் எங்கே போய்க் கேட்க.

இந்த நிலையில்தான் ஜூலையில் கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பங்குச் சாமியார் ஆள் அனுப்பினார். மாதா திருவிழாவுக்குக் கொடி வேண்டும், நீலப் பட்டில் "ஆரோக்கிய அன்னை" என்று பெரிதாக, தூரத்திலிருந்து வாசிக்கிற மாதிரி வேண்டும் என்று. நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்குள் வந்து அந்த இரண்டு வார்த்தையைச் சாஃப்ட்வேரில் அடித்தால், ஜெனி, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், "ரோ" மூன்று துண்டாகக் கிடக்கிறது. "னை"யில் இருக்க வேண்டிய இணைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. தமிழே தெரியாத சாஃப்ட்வேர். போகட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக நானே வரைந்து தைத்தால், துணி சுருங்குகிறது, எழுத்து மெலிகிறது, "ன"வின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அதில் ஏகப்பட்ட கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எண், எந்த எண் எதற்கு என்று ஒரு வரி கிடையாது.

கம்பெனிக்கு வாட்ஸப்பில் கேட்டேன். பதில் குரலாக வந்தது. எனக்குக் காது கேட்காது, தயவுசெய்து எழுதி அனுப்புங்கள் என்று எழுதினேன். அதற்கும் பதில் குரலாகவே வந்தது! அப்பா கேட்டுச் சிரித்துவிட்டு, "எழுத நேரமில்ல மேடம், இதக் கேட்டுக்கங்கங்கிறான்" என்று உதட்டை அசைத்துச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதித் தந்தார், பாவம். அவர் எழுதியதில், தையல் நெருக்கத்தைச் சொல்கிற "டென்சிட்டி" என்பது "பத்து சிட்டி" என்று இருந்தது. "புல் காம்பன்சேஷன்" என்ற இடத்தில் பச்சையாகப் புல் முளைத்திருந்தது. இந்தத் துணியில் புல்லை எங்கே வைக்கச் சொல்கிறார்கள் என்று நான் கேட்க, "எனக்கென்ன தெரியும், அவன் சொன்னத எழுதுனேன், இம்புட்டு எழுதுனதே பெருசு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைத் திருப்பினால் எனக்குப் பேச்சு நின்றுபோகும் என்று தெரிந்தேதான் திருப்பினார். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் சொன்னால் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது, கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு நானும் வந்துவிட்டேன்.

கடைசியாகத் திட்டி ஒரு செய்தி போட்டேன். கோபத்தில் எழுதியதுதான், அதில் பொய் ஒன்றும் இல்லை. "உங்கள் மெஷின் காதுள்ளவர்களுக்கு மட்டும் என்றால் அதைப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்க வேண்டும். என் கை நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் நான் கற்றுக்கொள்வேன்" என்று. மறுநாள் வேறொரு நம்பரிலிருந்து எழுத்தாகவே பதில் வந்தது. "அக்கா, நான் நாகஜோதி. திருமங்கலந்தான் சொந்த ஊரு, இப்பத் திருப்பூர்ல இந்தக் கம்பெனிலதான் இருக்கேன். மன்னிச்சுக்கங்க. எழுதக் கூடாதுன்னு இல்லக்கா, எழுதி வச்சது எங்ககிட்டயே ஒண்ணும் இல்ல. எனக்கும் வாயாலதான் சொல்லிக் குடுத்தாக. இந்த எடத்துல இந்த நம்பர் வைன்னாக, வச்சேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது." இதைப் படித்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன், அவர்களிடமும் இல்லை என்பது தெரிந்தபோது அந்தப் பெண்ணைப் பார்த்தே பாவமாக இருந்தது.

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பித்தோம். அவள் வேலைக்கு நடுவில் ஒரு வரி எழுதுவாள், நான் அதைச் செய்து தைத்துப் படம் எடுத்து அனுப்புவேன். ஒரே நேரத்தில் இரண்டு எண்ணை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகிறது என்பது முதலில் பிடிபட்டது. அதற்கப்புறம் பழைய போர்வைத் துணியில் ஒரே "ன"வை வரிசையாகத் தைத்தேன், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எண் வேறு. அப்பாவின் புல், இழுப்பதைச் சொல்கிற இங்கிலீஷ் "புல்" என்பதும் அப்போதுதான் விளங்கியது. நூல் துணியை உள்ளே இழுக்கிறது, இழுபடுகிற அளவுக்கு முன்கூட்டியே எழுத்தை அகலமாக வை என்று சொல்கிற கட்டம் அது. கையால் தைக்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்த விஷயம்தான், அதன் பெயர்தான் தெரியவில்லை. நாகஜோதிக்கு எழுதினேன். "அய்யோ அக்கா, இதுக்குத்தானா அது! நான் இத்தன நாளா கிளிப்புள்ள மாதிரி சொல்லிட்டிருந்தேன்" என்று எழுதினாள். உடைந்துபோகிற தமிழுக்கு அவள் வழி சொன்னாள், போனில் அடித்துப் படமாக்கி உள்ளே கொண்டுவந்து அதன் மேலேயே கோடு இழுக்க வேண்டும். சுழி திறந்து, வயிறு நிமிர்ந்து ஒரு "ன" தையலில் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் அப்பா ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார், என்ன ஆச்சோ என்று. துணியைக் காட்டினேன். வாயைப் பெரிதாகத் திறந்து, "அடி ஜோசபின், சாதிச்சுட்ட!" என்று சொன்னதைத் தெளிவாகப் பார்த்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் கொடியேற்றத்துக்கு நாங்கள் போயிருந்தோம். காற்றே இல்லை, கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு ஏறியது, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. உச்சிக்குப் போனதும் கொஞ்சம் விரிந்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பதை உதட்டில் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை. அன்றைக்கே மெஷினைத் திருப்பித் தரவில்லை என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன், ஆகையால் நீயும் அந்தப் பேச்சை விட்டுவிடு.

நாகஜோதி அதோடு விடவில்லை. "அக்கா, நம்ம கண்டுபிடிச்சத நீங்களே வரிசையா எழுதிக் குடுங்க, மெஷின் வாங்கின எல்லாருக்கும் அனுப்பலாம், மேனேஜர்கிட்டக் கேட்டுட்டேன்" என்றாள். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன், படம் சேர்த்து. பெருமையாகத்தான் இருந்தது. போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒச்சம்மாள் என்று ஒரு பெண் எழுதினாள், மகளிர் குழுவில் அதே மெஷின் வாங்கிப் புரியாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தவளாம். "அக்கா, நீங்க எழுதுனபடியேதான் செஞ்சேன். துணி சுருட்டிக்கிட்டு மேல வருது. எனக்கு மண்டையில ஏறல போல." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணிக்கு அடியில் ஒரு விறைப்பான பேப்பர் வைக்க வேண்டும், அவள் வைக்கவில்லை. என் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். பேப்பரைப் பற்றி எங்குமே நான் எழுதவில்லை! என் கை தானாகவே வைத்துவிடுவதால் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. எழுதி வைக்காதவர்களை எத்தனை நாள் திட்டினேன், எழுதுவதும் லேசுப்பட்டது இல்லை ஜெனி. உடனே அவளுக்கு எழுதினேன், "உன் மண்டையில் ஒரு குறையும் இல்லை, விட்டது நான்தான்" என்று, பேப்பர் வைக்கச் சொல்கிற வரியையும் தாளில் சேர்த்துத் திருப்பி எல்லாருக்கும் அனுப்பச் சொன்னேன். நேற்று ஒச்சம்மாளிடமிருந்து ஒரு படம் வந்தது. சிவப்பு ரவிக்கைத் துணியில் ஒரு சூரியகாந்தி, ஓர் இதழ் கொஞ்சம் கோணல். கீழே எழுதியிருந்தாள், "இது நானே போட்டது அக்கா, பக்கத்துல யாரும் இல்ல."

உன் ஆஸ்பத்திரி வார்டிலும் காது மந்தமான பெரியவர்கள் இருப்பார்கள், அவசரத்தில் கத்திச் சொல்லாதே, ஒரு தாளில் எழுதிக் காட்டு, நின்று வாசிக்க விடு. வாரம் ஒரு நாளாவது சோறு பொங்கிச் சாப்பிடு, ரொட்டியிலேயே காலத்தை ஓட்டாதே. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட மறக்காதே. மாதா உன் கையைப் பிடித்து நடத்துவாள், உன் டூட்டியும் தூக்கமும் நல்லபடியாக இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு சால்வை தைத்து அனுப்பப்போகிறேன், எந்த நிறம் வேண்டும் என்று எழுது. குரலில் சொல்லாதே, அப்பா மாற்றி எழுதிவிடுவார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ஜோசபின் ஞானமுத்து