சனிக்கிழமைக்கு இரண்டு

ஸ்ட்ரெதம்
27.01.2025

அன்புள்ள நாயகம் அண்ணைக்கு,

உங்கள் முழங்கால் எப்படி? போன் மணி கேட்டாலே எரிச்சல் வருகிறது, அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். மனுசி தர்மிகா கோபித்துக்கொண்டு லூயிஷாமில் தமக்கை வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது.

வீடு சும்மா கிடக்கிறது. துப்பாக்கிக் கிளப்பில் நீங்கள் எல்லாரும் சுட்ட வெற்றுத் தோட்டாக் கோதுகளை வீட்டிலேயே திரும்ப நிரப்புகிறீர்கள். நானும் தொடங்கலாமென்று யோசிக்கிறேன். முதலில் என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

அன்புத் தம்பி,
சுபாஸ்கரன்

மோர்டன்
02.02.2025

அன்பின் தம்பி சுபா,

முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும்தான் சண்டை பிடிக்கிறது. நீர் ஒரு வேலையில் இறங்குவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தராசில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெடிமருந்து அளவு தப்பினால் துவக்கு உம்முடைய முகத்தில்தான் வெடிக்கும். கோது நிரப்பச் சின்னக் கை பிரஸ் போதும், ஆனால் அதை ஆடாத மேசையில் பூட்டும். அளவுப் புத்தகம், பாதுகாப்புக் கண்ணாடி, ஐம்பது கோது நிறுத்துகிற பலகை. ஐம்பதுக்குக் குறைய எங்களில் ஒருவரும் மினக்கெடுவதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் எந்தப் போட்டிக்கு என்று எழுதிவைப்பது கிளப் பழக்கம்.

மனம் கலங்கிய நாளில் அந்த மேசைக்குப் போக வேண்டாம். தர்மிகாவோடு நான் பேசட்டுமா?

அன்புடன்,
கிறிஸ்துநாயகம்

ஸ்ட்ரெதம்
12.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

பிரஸ்ஸைத் தர்மிகாவின் தையல் மேசையில் பூட்டிவிட்டேன். இந்த வீட்டில் ஆடாத மேசை அது ஒன்றுதான். தையல் மெசினைத் தூக்கி நிலத்தில் வைத்தேன். 22ஆம் தேதி சனிக்கிழமை அதை எடுக்க வருகிறாள். தனியே வரச் சொன்னேன். நீங்கள் அவளோடு பேச வேண்டாம்.

ஐம்பது எனக்கு எதற்கு? இரண்டு போதும். செய்தும் முடித்துவிட்டேன். தராசு நீங்கள் சொன்னதுபோல நல்ல தராசு. பெட்டியில் 'சனி' என்று எழுதிவைத்தேன்.

இவ்வளவு காலம் எனக்குச் செய்ததெல்லாவற்றுக்கும் நன்றி, அண்ணை.

சுபாஸ்கரன்

மோர்டன்
16.02.2025

தம்பி சுபா,

உம்முடைய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. 22ஆம் தேதி போட்டி இல்லை, கிளப் பூட்டு. செயலாளர் என்று அந்த அறிவித்தலை ஒட்டியவனே நான். இரண்டு ரவைக்காக ஒருவரும் பிரஸ் பூட்டுவதில்லை. ஒன்று அவளுக்கு, மற்றது உமக்கு என்றுதான் எனக்குப் பட்டது.

தர்மிகாவைப் போனில் எடுத்து, போக வேண்டாம் என்றேன். "அண்ணை, அவர் எவ்வளவு அன்பாக் கதைச்சவர்" என்று அழுதாள். பிறகு பொலிசுக்கு அடித்தேன். நீர் துவக்குச் சான்றிதழ் கேட்டபோது நல்ல மனிதர் என்று கையெழுத்து வைத்தவன் நான். அதே கையால் இந்த முறைப்பாட்டிலும் கையெழுத்து வைத்தேன்.

பொலிஸ் உம்மைக் கூட்டிச் சென்றபோது உம்முடைய வீட்டுக்கு எதிரே பஸ் தரிப்பில் நின்றேன். ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னார்கள். நான் நினைத்தது பிழையாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடுகிறேன். பிழை என்றால் எழுதும், உம்முடைய காலில் விழுகிறேன்.

கிறிஸ்துநாயகம்

09.03.2025

நாயகம் அண்ணைக்கு,

இங்கே நர்ஸ் பக்கத்தில் இருந்தால்தான் பேனை தருவார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் நினைத்தது பிழையில்லை.

ஐம்பது என்று எழுதியிருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். இரண்டு என்று உங்களுக்கு ஏன் எழுதினேன்? ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறேன்.

உங்கள் முகத்தில் முழிக்க எனக்கு ஏலாது. வந்து பார்க்க வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

தர்மிகா மெசினை எடுத்துக்கொண்டாளா என்று மட்டும் ஒருதடவை எழுதிவிடுங்கள்.

சுபாஸ்கரன்