செம்பாறைத் தோட்டத்துக்கு ஹெலிகொப்டர் வராத நாள்

அனுப்புநர்:
வே. சடையப்பன் (வயது 79),
முன்னாள் சில்லறைக் கங்காணி,
இரண்டாம் லயம், செம்பாறைத் தோட்டம், ரத்தோட்டை வழி.

பெறுநர்:
அனர்த்த உதவிக்குப் பொறுப்பான மேலதிகாரி அவர்கள்,
மாத்தளை.

பொருள்: ஹெலிகொப்டர் அனுப்புவதா என்று தீர்மானிக்கும் படிவத்தின் நான்காம் கேள்வியை மாற்றக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப் போட்ட வருஷம் அது, 1978 கார்த்திகை. அந்தக் காற்றோடு வந்த மழையில், சூறாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியளவில், எங்கள் கடைசி லயத்து வீடுகளின் மேல் மலை சரிந்தது. உயிரோடு தோண்டி எடுத்தவர்களைச் சாக்குகளின் மேல் கிடத்தினோம். ரத்தோட்டைக்குப் போகும் பாதை அறுந்து போயிருந்தது.

2. தோட்டத் துரையின் பங்களா டெலிபோனுக்கு என்னைத்தான் ஓடச் சொன்னார்கள். மாத்தளையில் எடுத்தவர் இலிகிதர் தியாகராஜா ஐயா. எத்தனை பேருக்குக் காயம் என்று கேட்டார். “ஆறு ஆளுங்க” என்றேன். “பத்துப் பேராவது இருந்தால்தான் மட்டக்களப்புக்குப் போற ஹெலியைத் திருப்பலாம். வடிவா எண்ணினனீங்களோ?” என்றார். “எண்ணினேங்க” என்றேன்.

3. நான் பொய் சொல்லவில்லை ஐயா. தினமும் காலைப் பெரட்டில் வேலைக்கு வந்தவர்களை எண்ணிக் கணக்கப்பிள்ளைக்கு வாயால் சொல்வது அப்போதே இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. எழுத்துத் தெரியாது, எண்ணிக்கை பிசகியதில்லை. செக்ரோல் என்ற வேலைப் பதிவில் இருக்கிறவர்களை மட்டும் எண்ணுவேன். பிள்ளைகளையும், வேலை நின்ற கிழடுகளையும், வெளியிலிருந்து வந்தவர்களையும் எண்ணும் வழக்கமில்லை. அன்றும் அப்படியே எண்ணியிருக்கிறேன். மூன்று பிள்ளைகள் விடுபட்டார்கள். ஒரு கிழவர் விடுபட்டார். பிரசவத்துக்காக உக்குவளையிலிருந்து வந்திருந்த என் மகள் அழகம்மாவும் விடுபட்டாள்.

4. திரும்பி வந்து சாக்குகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மறுபடி ஓடினேன். டெலிபோனில் சத்தமே இல்லை. அன்று மூன்று தடவை ஹெலிகொப்டர் சத்தம் முகிலுக்கு மேலே, ரிவர்ஸ்டன் மலையைத் தாண்டிக் கிழக்கே போனது. ஒவ்வொரு தடவையும், கண் திறக்க முடிந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அழகம்மா மறுநாள் மத்தியானம் வரை “வருதாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாதை திறக்க மூன்று நாளாயிற்று. அதற்குள் எட்டுப் பேர் போய்விட்டார்கள்.

5. கேட்டும் அனுப்பவில்லை என்று மட்டுமே லயத்தில் சொன்னேன். தியாகராஜா ஐயா காலமாகிப் பல வருஷம். எங்கள் சனம் அவரை இன்றும் ஏசுகிறது. பிழை என்னுடையது. இப்போதும் வானத்தில் அந்தச் சத்தம் கேட்டால் என் வாய் தானாக எண்ணத் தொடங்குகிறது. பதினொன்று வந்தால்தான் நிற்கும்.

6. சென்ற கிழமை கிராம சேவகர் கொண்டுவந்த புதிய படிவத்தை வாசிக்கக் கேட்டேன். நான்காம் கேள்வி: தோட்டப் பதிவில் உள்ளவர்களில் காயப்பட்டோர் எத்தனை? அந்த எண்ணிக்கையை வைத்தே ஹெலிகொப்டர் வருமாம். எங்கள் லயங்களில் இன்று பாதிச் சனம் பதிவில் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, பிள்ளைகள் எத்தனை, கிழவர்கள் எத்தனை, வந்திருந்தவர்கள் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன். பேசுகிறவன் பதற்றத்தில் இருப்பான்; கேட்கிறவர்தான் விடாமல் கேட்க வேண்டும். விசாரணைக்குக் கூப்பிட்டால் நடந்தாவது வருவேன்.

இடம்: செம்பாறைத் தோட்டம்
திகதி: 2007.09.18

இங்ஙனம் பணிவுடன்,
வே. சடையப்பன்
(இடது பெருவிரல் அடையாளம்)

அன்று சாக்கில் கிடந்த பதினொருவரில் இன்று உயிரோடிருப்பவர் ஒருவரே. அவர்தான், நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவரும், அப்போது ஆறு வயதாயிருந்தவருமான மு. பாப்பம்மா.